தேய்ந்த இடம்

கிட்டார் பெட்டியின் இரண்டு கொக்கிகளையும் அழுத்தி மூடிவிட்டு அவள் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். வாசலில் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவை ஒரு தடவை சாத்தினார்கள், பூட்டு விழவில்லை. இரண்டாவது தடவை அறைந்து சாத்தினார்கள். அப்பாவின் இசைக்குழு வந்துவிட்டது. அந்த வேனின் கதவு ஒரே சாத்தலில் விழுந்ததாகச் சரித்திரமே கிடையாது.

முன்னறையில் அப்பா கிடந்தார். விடிகிற நேரத்தில் போனவர். நீலச் சட்டையை அம்மாதான் இஸ்திரி போட்டு மாட்டிவிட்டிருந்தாள். "போற இடத்துக்காவது நேரத்துக்குப் போகட்டும்" என்று பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னாள். அழுதுகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். அம்மா பார்வையைச் சட்டை பண்ணவில்லை. கழுத்துப் பொத்தானை மட்டும் போடாமல் விட்டாள். அவருக்கு அது பிடிக்காது.

"பாப்பா எங்க?" டிரம்ஸ்காரரின் குரல் வாசற்படியிலேயே உடைந்தது.

பாப்பாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கார் பெயிண்ட் அடிக்கிற ஷெட்டில் அவள்தான் மூத்த ஆள். கீழே மூன்று பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் அந்தக் குழுவுக்கு அவள் இன்னும் பாப்பாதான். வேனில் வருகிற யாரும் அவளை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவர்கள் எதைக் கேட்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அவர்களாக ஏற்படுத்திக்கொண்டது. குழுவில் ஒருவர் போய்விட்டால், எடுப்பதற்கு முன்னால், மற்றவர்களில் ஒருவர் போனவருடைய வாத்தியத்தையே எடுத்து அவர் தலைமாட்டில் நின்று ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். மைக் கிடையாது. பக்கவாத்தியம் கிடையாது. வாசிக்கத் தெரியாவிட்டாலும் வாசித்தாக வேண்டும். சாக்ஸபோன்காரர் போனபோது டிரம்ஸ்காரர்தான் ஊதினார். எருமை கன்று போடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. போனவரின் மனைவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகுதான் அந்த அம்மாளுக்கு, அதுவரைக்கும் வராத அழுகை வந்தது. அழுது முடித்து, "நல்லா அனுப்பி வெச்சீங்க" என்று எல்லாரையும் கும்பிட்டாள்.

அப்பா அப்போதே பேஸ் கிட்டார் வாசிக்கிறவரிடம் சொல்லிவைத்துவிட்டார். "எனக்கு நீதான்டா. இந்த எருமைக்காரன்கிட்ட என் கிட்டாரைக் குடுத்துடாதே."

அப்பாவைக் குழுவில் கம்பி என்பார்கள். ஆளும் அப்படி, நிற்கிற நிலையும் அப்படி. அவர் கிட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாங்கும்போதே அது யாரோ வாசித்துப் பழசாக்கிய கிட்டார். அதற்குமேல் இவர் நாற்பத்தைந்து வருஷம் வாசித்தார். வலது முழங்கை படுகிற இடத்தில் மெருகு போய், மரம் போய், உள்ளங்கை மாதிரி வழவழவென்று ஒரு குழிவு. ஓட்டைக்குக் கீழே நகம் பட்டுப் பட்டுப் படகு போல ஒரு பள்ளம். கழுத்தின் பின்புறம் கட்டைவிரல் ஓடிய தடம் வியர்வையில் கறுத்திருக்கும். கச்சேரி முடிந்தால் இளவட்டங்கள் மேடைக்குப் பின்னால் வந்து, "சார், ஒரு தடவை தொட்டுப் பாக்கலாமா?" என்று நிற்கும். கொடுப்பார். தாராளமாகக் கொடுப்பார்.

இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஒருவர் கண்ணாடி அலமாரியைத் திறந்து காட்டி, "இதுல ரெண்டு எடுத்துக்கங்க, அதைக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார்.

"கண்ணாடிக்குள்ள இருக்கற வரைக்கும்தாங்க அதெல்லாம் அழகு" என்றாராம் அப்பா. "புது கிட்டாரு புதுச் செருப்பு மாதிரி. நாம அதுக்கு நடந்து பழக்கணும். இது எனக்கு நடக்கக் கத்துக் குடுக்குது. நான் எங்க தப்பு பண்ணுவேன்னு இதுக்கு முன்னாடியே தெரியும்."

இதை வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். சமையலறையிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். "கிட்டாரு பழசானா அழகு. நான் பழசானா பழசு" என்பாள், பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்குள். வந்தவர்களுக்கு அது கேட்காது. மகளுக்குக் கேட்கும்.

அந்தக் கிட்டாரில் காயங்களும் இருந்தன. கம்பிகளைத் தாங்குகிற பாலத்துக்குப் பக்கத்தில் சிகரெட் சுட்ட ஒரு கறுப்பு வடு. "இதுவா? இது பாப்பா பொறந்த அன்னிக்கு. ஸ்டேஜ்ல இருக்கேன், சேதி வருது. சந்தோஷத்துல சிகரெட்டை எங்க வெச்சேன்னே தெரியல." கேட்கிறவர்கள் உருகிப்போவார்கள். அந்த வடுவை ஆளாளுக்கு விரலால் தடவிப் பார்ப்பார்கள்.

"சேதி போனது காலைல. இவரு வந்தது மூணாம் நாளு. அதையும் சேத்துச் சொல்லச் சொல்லு" என்பாள் அம்மா, அதே பாத்திரச் சத்தத்துக்குள்.

பக்கவாட்டில் ஒரு விரிசல். அது வேன் பள்ளத்தில் இறங்கியபோது. அம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்த வாரம். கிட்டாருக்கு அன்றைக்கே பிசின் வைத்து ஒட்டியாயிற்று. வந்தவர்களுக்கு அதெல்லாம் கதை. அவர் வீட்டில் இல்லாமற்போன நாள்களெல்லாம் அந்தக் கட்டையில்தான் இருந்தன. மகளுக்கு ஒவ்வொன்றும் மனப்பாடம். தொட்டு அல்ல, கேட்டே மனப்பாடம். நாலைந்து வயதில் ஒருநாள் ஜாம் கையோடு அதைத் தொட்டிருக்கிறாள். அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சுவரிலிருந்த ஆணியைப் பிடுங்கி ஒரு முழம் மேலே அடித்தார். அவ்வளவுதான். அவள் வளர வளர ஆணியும் வளர்ந்தது.

அவளுடைய வேலை வேறு மாதிரி. இடித்து நசுங்கி வருகிற வண்டியை டிங்கர்காரர் தட்டி நிமிர்த்திக் கொடுப்பார். அதற்குப் பிறகு அவள். பட்டி வைத்துப் பள்ளத்தை நிரப்பி, வாட்டர் பேப்பரால் தேய்த்து, ப்ரைமர் அடித்து, நிறம் அடித்து, மேலே பளபளப்புக்கு லேக்கர். வண்டிக்காரர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா இடிச்சிருந்தது?" என்று கேட்பார். அதைவிட ஒரு பாராட்டு அந்த வேலையில் இல்லை. அப்பா ஒருநாளும் ஷெட்டுக்கு வந்ததில்லை. அவள் சாப்பிட உட்காரும்போது மட்டும் எதிரில் இருந்தால், "பெயிண்ட் வாடை" என்பார். அதுகூட அவளைப் பார்த்து அல்ல, தட்டைப் பார்த்து.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் கேட்டாள். "கிட்டாரை எடுத்துட்டு வரட்டுமாப்பா?"

"வேணாம். மருந்து வாடை ஏறிடும்."

அன்று வீட்டுக்கு வந்து, நாற்காலி போட்டு ஏறி, ஆணியிலிருந்து அதை இறக்கினாள். மடியில் வைத்துக்கொண்டாள். முதல் தடவை. அவள் கண் எதைப் பார்த்துப் பழகியதோ அதைத்தான் பார்த்தது. தேய்மானம், பள்ளம், விரிசல், சுட்ட இடம். விபத்தில் அடிபட்டு வந்த வண்டியாகத்தான் அது அவளுக்குத் தெரிந்தது. ஐயோ, இத்தனை பேர் இதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களே, ஒருத்தராவது இதைச் சரிசெய்து கொடுக்கவில்லையே என்று தோன்றியது. அவர் எழுந்து வரும்போது இது புதுசு மாதிரி நிற்க வேண்டும். என் கையால் நிற்க வேண்டும். அப்படித்தான் நினைத்தாள்.

நம்புங்கள், அது அன்புதான். முக்கால் பங்கு அன்புதான்.

ஷெட்டில் மற்றவர்கள் போன பிறகு செய்தாள். கம்பிகளைக் கழற்றினாள். கம்பி முறுக்குகிற பழைய பிடிகளையும் திருகாணிகளையும் எடுத்துவிட்டுப் பளபளவென்று புதுசு வாங்கி மாட்டினாள். முழங்கைக் குழிவில் பட்டி வைத்தாள், நகப்பள்ளத்தில் வைத்தாள், கழுத்தின் கறுப்பு போகிறவரைக்கும் தேய்த்தாள். தலையில் இருந்த கம்பெனி எழுத்தும் தேய்ப்பிலே போய்விட்டது. அது யாருக்கு வேண்டும்? சிகரெட் வடு ஆழமாக இருந்தது. அதன்மேல் பட்டி வைத்து நிறம் அடித்தாலே மறைந்திருக்கும். அவள் சுரண்டினாள். வெள்ளை மரம் தெரிகிறவரைக்கும் சுரண்டினாள். அந்த இடத்தில் மட்டும் கை கொஞ்சம் அழுத்தமாகவே போயிற்று. பிறகு தேன் நிறம் அடித்தாள். லேக்கர் மூன்று கோட்டு.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். முதலில் சிரித்தாள். "எனக்கும் ஒரு கோட்டு அடிச்சு விடேன்" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. "அவருகிட்ட கேட்டியா?"

"கேட்டா என்னம்மா ஆச்சரியம் இருக்கு?"

அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அப்பாவை இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வந்த மறுநாள் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்டார். அவள் எடுத்துக்கொண்டு போனாள். அவர் அதை வாங்கினார். வாங்குகிறபோது தன் கிட்டார் என்றுதான் வாங்கினார். மடியில் வைத்துக்கொண்டு வலது கையை மேலே போட்டார். கை வழக்கமான இடத்துக்குப் போயிற்று. அங்கே இடம் இல்லை. புது லேக்கரில் வியர்வைக் கை ஒட்டும். ஒட்டிய கையை எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார். ஒரு கம்பியைத் தட்டினார். சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. உள்ளங்கையை வைத்து அதை அணைத்தார்.

பிறகு ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பாலத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்து ஓட்டினார். அந்த விரல் எதைத் தேடுகிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"யாரு பண்ணது?"

"நான்தாம்பா."

"நீயேவா?"

"நானேதான். ஷெட்டுல வெச்சு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்றோ.

"சுத்தமான கை உனக்கு" என்றார். "எங்க அடிபட்டிருந்துச்சுன்னு எனக்கே தெரியல."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் பிறந்ததிலிருந்து காத்திருந்தாள். அது வந்துவிட்டது.

"பெட்டில வெச்சு மூடிடு" என்றார் அப்பா. "தூசி பட்டுடப் போகுது."

பெட்டிக்குள் வைத்தால் அதுக்கு மூச்சு முட்டும் என்று வாழ்நாளெல்லாம் ஆணியில் மாட்டியவர். அவள் பெட்டியில் வைத்து மூடினாள். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை. கை வீங்கியிருந்தது, உண்மைதான். மூச்சு வாங்கியது, அதுவும் உண்மைதான். அந்த நாள்களில் தினமும் காலையில் அவள், "எடுத்துத் தரட்டுமாப்பா?" என்று கேட்டாள். தினமும் அவர், "நாளைக்குப் பாக்கலாம்மா" என்றார். அதட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. எதற்கும் ஒன்று சேர்த்துச் சொல்கிற அம்மாகூட அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பாப்பா." பேஸ்காரர் அறை வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. சட்டையின் மேல்பையில் கம்பி அறுக்காமல் விரல்நுனிக்குப் போடுகிற பிளாஸ்திரிச் சுருள் தெரிந்தது. தயாராக வந்திருந்தார். "எடுத்துட்டு வாம்மா. வண்டி வர்ற நேரமாச்சு."

அவள் எழுந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். வேறு என்ன செய்ய முடியும்? பாட்டுக்காரி அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ மேடைகளில் அப்பாவின் கிட்டாருக்குப் பாடியவள். டிரம்ஸ்காரர் சுவரோரமாகக் கைகட்டி நின்றார். அவள் பெட்டியைத் தரையில் வைத்துக் கொக்கிகளைத் திறந்து மூடியைத் தூக்கினாள்.

ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்து கூரையில் போய் ஆடியது.

டிரம்ஸ்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "இது எந்தக் கல்யாணத்துக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. பேஸ்காரர் குனிந்து எடுத்தார். கழுத்தின் பின்புறம் கட்டைவிரலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். முழங்கை படுகிற இடத்தைத் தடவினார். அவருக்கு அந்தக் குழிவு கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். இத்தனை வருஷம் அதற்குப் பக்கத்தில் நின்றவர்.

"யாரோட கிட்டார் இது? கம்பியோடது எங்க பாப்பா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"அது இல்ல" என்றாள் அம்மா. சமையலறை நிலையில் சாய்ந்தபடி, காப்பித் தட்டோடு. "வித்தாச்சு."

டிரம்ஸ்காரர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"என்ன அண்ணி சொல்றீங்க?" பாட்டுக்காரி எழுந்துவிட்டாள்.

"தமிழ்லதானே சொல்றேன்? வித்தாச்சு. இது சும்மா, அவரு கேட்டா மடியில வைக்கறதுக்கு வாங்கினது."

"அவரு மூச்சு அடங்கற வரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதா?"

"நான் பொறுத்தேன். மருந்துக்கடைக்காரன் பொறுக்கல." அம்மா தட்டை நீட்டினாள். "காப்பி ஆறுது."

ஒருத்தரும் எடுக்கவில்லை.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. கவனமாகப் பார்க்காமல் இருந்தாள். இல்லை, இதுதான் அது, என்று சொல்ல ஒரு மூச்சு போதும். மகள் அந்த மூச்சை இழுத்தாள். அது உள்ளேயே நின்றுகொண்டது.

பேஸ்காரர் கிட்டாரைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். யாருடையதானாலும் கிட்டார் கிட்டார்தானே.

"ஒரு பாட்டுதானேடா" என்றார் டிரம்ஸ்காரர். "எதுல வாசிச்சா என்ன? அவன் கேக்கவா போறான்?"

"அப்ப நீ போய் உன் பொஞ்சாதி சமையக்கட்டுல குக்கரத் தட்டு." பேஸ்காரர் அவர் பக்கம் திரும்பினார். "இதுக்கு அவனத் தெரியாதுடா. அவன் கை படாததைத் தூக்கிட்டுப் போய் அவன் தலைமாட்டுல நிக்கச் சொல்றியா?"

பிளாஸ்திரிச் சுருள் அவர் பையிலேயே இருந்தது. வண்டி வந்தது. ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஆச்சுங்களா?" என்றார். அப்பாவைப் பாட்டில்லாமல் எடுத்தார்கள். தெருவில் இருந்தவர்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. குழுவில் இருந்த மூன்று பேருக்குத் தெரிந்தது. பெட்டியை அழுத்தி மூடுவதற்காகப் பின்தங்கியவளுக்குத் தெரிந்தது.

மயானத்துக்கு அம்மா வரவில்லை. "நான் வந்து அங்க என்ன சொல்லிக் குடுக்கப் போறேன்" என்று வீட்டைக் கழுவிவிட நின்றுவிட்டாள். மகள் குழுவின் வேனில், பேஸ்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். முன்னால் அப்பா வண்டியில் போய்க்கொண்டிருந்தார். சிவப்பு விளக்குகளில் இரண்டு வண்டியும் நின்று நின்று போயின.

"எனக்குப் போன் பண்ணினான் பாப்பா" என்றார் பேஸ்காரர், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "ஆஸ்பத்திரியிலேருந்து வந்த புதுசுல. இனிமே வாசிக்க மாட்டேன்டான்னான். ஏன்டான்னேன். கை வரலைன்னான்."

அவள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கையா வராது அவனுக்கு? நூத்தி நாலு காய்ச்சல்ல வாசிச்சவன். இப்பதான் புரியுது. அப்பவே கிட்டார் போயிடுச்சு. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, கை வரலைன்னு தன் மேலயே போட்டுக்கிட்டான்." அவர் மூக்கைச் சிந்தினார். "வீட்டு ஆளைக் காட்டிக் குடுக்காத மனுசன்மா உங்கப்பா."

முன்னால் போன வண்டியின் பின்கதவில் வண்ணம் அடித்தவன் அவசரப்பட்டிருந்தான். ஒரு சொட்டு வழிந்து அப்படியே காய்ந்திருந்தது. மயானம் வருகிறவரைக்கும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நாற்காலிகளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். அம்மா காப்பி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். டிரம்ஸ்காரர் வாசலோடு நின்றார். மற்ற இருவரும் உள்ளே வர மனமில்லாமல் வேனிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. எந்தக் கடைல குடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நாங்க போய்ப் பாக்கறோம். கேட்டு வாங்கிடறோம். இன்னிக்கு இல்லாட்டியும் அவன் பேர் சொல்லி ஒரு பாட்டு வாசிச்சுட்டா எங்களுக்கு மனசு ஆறும்."

அம்மா ஒரு டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பஸ் நிக்கற இடத்துக்குப் பின்னாடி பழைய சாமான் கடைங்க வரிசையா இருக்குல்ல. அதுல ஒண்ணு. பேரெல்லாம் நான் பாக்கல."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். இல்ல, வலது பக்கமா? கடைசில இருந்து ரெண்டோ மூணோ. மீசை வெச்ச ஆளு."

டிரம்ஸ்காரர் அவற்றை ஒவ்வொன்றாகத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். மீசை. இடது, இல்லாவிட்டால் வலது.

மகள் சமையலறைக்குள் வந்தாள். "ஏம்மா இப்படிப் பண்றே?"

"பின்ன என்ன பண்ணச் சொல்றே?"

"நான் சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவே?" அம்மா குழாயை மூடினாள். "ஆசையாப் பண்ணேன்னு சொல்லுவியா? கேட்டுட்டு சும்மா இருப்பாங்களா? வித்துட்டா எங்கயோ இருக்குன்னு நினைச்சுக்கலாம். நீ சொல்றதைக் கேட்டா அது எங்கயுமே இல்லைன்னு ஆயிடும்."

மகள் சுவரில் சாய்ந்தாள். அந்தச் சுவரின் மறுபக்கத்தில்தான் அந்த உயரமான ஆணி இருந்தது.

"இவங்க என்னை வேத்து ஆளாத்தான் பாக்கறாங்க எப்பவும். கல்யாணமான நாள்லேருந்து. அவரு வாசிக்கறதைக் கெடுக்க வந்தவ. அதோட இதும் ஒண்ணு. உன்னைப் பாப்பாங்கறாங்க. அது இருந்துட்டுப் போகட்டும்."

"அப்பா உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?" கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததை அவள் கேட்டுவிட்டாள். "அதைப் பத்தி?"

அம்மா கழுவிய டம்ளரையே மறுபடி எடுத்துத் துடைத்தாள்.

"ஒண்ணும் சொல்லல. அவரு எங்கிட்ட என்னைக்கு என்ன சொன்னாரு?"

"கோவமா இருந்தாராம்மா?"

"தெரியலடி." முதல் தடவையாக அம்மாவின் குரல் தாழ்ந்தது. "அவரு கோவம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. அதையெல்லாம் வெளியில வெச்சுட்டுத்தான் வருவாரு."

வெளியே வேன் செருமியது. கிளம்பவில்லை. மறுபடி செருமியது. டிரம்ஸ்காரர் இறங்கிப் பின்னால் போய்த் தள்ளுகிற சத்தம், பேஸ்காரர் எதற்கோ வைகிற சத்தம். மகள் சமையலறையிலிருந்து முன்னறைக்கு வந்தாள். முன்னறையிலிருந்து வாசலுக்கு. பிறகு ஓடவே ஓடினாள். கழுவிவிட்டிருந்த தரையில் கால் வழுக்கிற்று, நிலையைப் பிடித்துக்கொண்டாள். கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தபோது வேன் கிளம்பி நகர ஆரம்பித்திருந்தது.

வலது கையை உயரத் தூக்கினாள். நிறுத்துங்கள் என்று.

பின்ஜன்னலில் பாட்டுக்காரி அவளைப் பார்த்துவிட்டாள். உள்ளே யாரையோ தட்டிக் காட்டினாள். மூன்று பேரும் திரும்பினார்கள். அழுது வீங்கிய அந்த மூன்று முகமும் அவளைப் பார்த்து மலர்ந்தன. பாட்டுக்காரி கையை அசைத்தாள். டிரம்ஸ்காரர் அசைத்தார். பேஸ்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"கிடைச்சிடும் பாப்பா! நீ கவலைப்படாம உள்ள போ!"

தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. வேன் தெருமுனைக்குப் போய், இடது பக்கம் திரும்புவதா வலது பக்கம் திரும்புவதா என்று ஒரு கணம் தயங்கி நின்றது. அவள் கையை இரண்டு தரம் அசைத்தாள்.